பிள்ளைகளின் பாட்டை ஆராய்ச்சியாக எடுப்பது எப்படி?

முதலில் ஒரு திண்ணையைப் பிடியுங்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. புதுவயல், கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கும் முன்னோர்களை வணங்கும் படைப்புக்கும் வந்து கதவைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தத் திண்ணை தெருப் பிள்ளைகளுடையது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள் என்றால் தெருவிளக்கு எரியும்வரை அங்கே அஞ்சாங்கல்லும் கைதட்டும் பாட்டும்தான். பிள்ளைகளின் இசையையும் இசைக் கல்வியையும் ஆராய்வதையே தன் வேலையாக வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு முதல் வகுப்பு அங்கேதான் நடக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வு, வழிகாட்டி, ஆய்வுத் தலைப்பு எல்லாம் அப்புறம்.

நான் புதுவயல்காரி. அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வாசித்ததால் 'காரைக்குடி' என்றாலே வீணை என்று ஆனதே, அந்த ஊருக்குப் பஸ் ஏறிப் போய் ஏழு வருஷம் வீணை கற்றேன். முதுகலையும் இசையிலேயே முடித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் இசை சொல்லித்தருகிறேன். பதினாறு வருஷமாக இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் பாடிக்கொள்வதைப் பதிவு செய்து வருகிறேன். இந்த வேலைக்கு எப்படி வருவது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கேட்டு வாங்காதீர்கள்

நான் முதன்முதலாகப் போனது ஓர் ஆரம்பப் பள்ளிக்கு. அனுமதிக் கடிதம், புதிய ரெக்கார்டர், கேள்வித்தாள் எல்லாம் கையில் இருந்தன. தலைமையாசிரியை அன்பானவர், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை வரிசையாக நிறுத்திக் கொடுத்தார். "உங்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடுங்கள்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, பாடப்புத்தகத்தில் இருந்த பாட்டை ஒரே குரலில் பாடினார்கள். இன்னொன்று என்றேன். இறைவணக்கப் பாட்டு வந்தது. ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தும் பிள்ளைகளின் பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை.

இடைவேளை மணி அடித்தது. அதே பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் எதிரெதிராக நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள். சினிமா மெட்டு ஒன்று, அதன்மேல் அவர்களே கட்டிய சொற்கள், நடுவில் ஒரு விளம்பரத்தின் துண்டு, கடைசியில் ஆங்கிலத்தில் எண்ணிக்கை. என் காது அதைப் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. "இது பாட்டு இல்லையா, ஏன் எனக்குப் பாடலை?" என்று கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "நீங்க பாட்டுதானே கேட்டீங்க டீச்சர், இது வெளாட்டு."

அந்தப் பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். பாட்டு, விளையாட்டு, கைதட்டு, ஓட்டம் எல்லாம் பிள்ளைகளுக்கு ஒரே காரியம். பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துக் கேட்டால் அவர்களிடம் அப்படி ஒரு பொருள் கிடையாது. அதனால் "பாடு" என்று கேட்கவே கேட்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ரெக்கார்டர் பையிலேயே இருக்கட்டும். உட்காருங்கள், கவனியுங்கள். கூப்பிட்டால் போய் விளையாடுங்கள். அஞ்சாங்கல்லில் தோற்றுக்கொண்டே இருந்தபோதுதான் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். "டீச்சர்" என்பது "அக்கா" ஆனதும் அந்த நாட்களில்தான். அந்த மாற்றம் வந்த பிறகு ரெக்கார்டரை வெளியே எடுக்கலாம்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. இசை ஆய்வாளர் ஜான் பிளாக்கிங் 1956 முதல் 1958 வரை தென்னாப்பிரிக்காவில் வெண்டா மக்களோடு வாழ்ந்து, பிள்ளைகளின் பாடல்களைத் தானும் கற்றுப் பாடி, தப்பாகப் பாடியபோது திருத்தப்பட்டு, அதன் பிறகே அவற்றைப் பற்றி எழுதினார். 1967இல் வந்த அந்த ஆய்வை இந்தத் துறையில் யாரும் தாண்டிப் போக முடியாது. பெரியவர்களின் பாட்டைச் சுருக்கிச் சுலபமாக்கியதுதான் குழந்தைப் பாட்டு என்ற எண்ணம் அதைப் படித்தால் நிற்காது. அமெரிக்காவில் பாட்ரிசியா ஷீகன் கேம்ப்பெல், ஆஸ்திரேலியாவில் கேத்ரின் மார்ஷ் ஆகிய இருவரையும் தேடிப் படியுங்கள். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் செய்யும் இசை, வகுப்பறையில் அவர்களுக்கென்று தரப்படும் இசையைவிடத் தாளத்தில் சிக்கலானது என்பது மார்ஷின் வாதம். வேப்பமரத்தடியில் என் கண் முன்னே நடந்ததும் அதுதான்.

பதிவும் நோட்டும்

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை ஒன்று, உபரி பேட்டரி, போதும். எம்பி3யில் பதியாதீர்கள், வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். ஒரு பங்குனியில் மூன்று நாள் முளைப்பாரிக் கும்மியைச் சின்னப் பெண்பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து ஆடப் பழகியதைப் பதிந்திருந்தேன். நகல் எடுப்பதை நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் ரெக்கார்டரின் மெமரி அட்டை கெட்டு எல்லாம் போயிற்று. அடுத்த பங்குனிவரை காத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து, நன்றாக ஆடத் தெரிந்தவர்களாகி இருந்தார்கள். பழகும் நிலையை நான் மறுபடி பார்க்கவில்லை.

இடம் பார்த்து உட்காருங்கள். வீட்டின் நடுமுற்றமான வளவுக்குள் நாலு பக்கமும் எதிரொலிக்கும், சொல் தெளியாது. திண்ணை நல்லது. தெருவில் மயில் அகவும், டிவிஎஸ் வண்டி போகும், போகட்டும், அழிக்காதீர்கள். வண்டிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு விட்ட இடத்தில் சரியாகத் தொடங்குவதை நான் பல பதிவுகளில் கேட்டிருக்கிறேன். அதுவும் உங்களுக்கு வேண்டிய தகவல்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத வேண்டியவை: தேதி, இடம், யார் யார், என்ன வயது, எந்த விளையாட்டு, யாரிடமிருந்து கற்றது, யார் ஆரம்பித்தது, யார் தப்பென்று சொன்னது. கடைசி இரண்டையும் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் ஆய்வேட்டில் பாதிக்கு மேல் அந்த இரண்டிலிருந்துதான் வந்தது.

எழுதிப் பார்ப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்நாடக இசை படித்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சுரம் எழுதப் பழகிய கை உடனே ராகம் தேடும். பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டில் பெரும்பாலும் மூன்று நாலு சுரம்தான் இருக்கும். சுருதியும் ஓட ஓட ஏறிக்கொண்டே போகும். அதைத் தப்பு என்று குறிக்காதீர்கள். எந்தச் சுரத்திலிருந்து எவ்வளவு ஏறியது, விளையாட்டில் அப்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள். 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் போட்டால் சுருதியின் போக்கு கோடாகத் தெரியும். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் குறிப்பெழுத 'ஈலான்' உதவும், அதுவும் இலவசம்தான்.

தாளத்தில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த 'கொலகொலையா முந்திரிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் துணியோடு பின்னால் சுற்றிவரும் ஆட்டம். தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். கொல, கொலையா, முந்திரி, க்கா: நாலு தட்டு. நரிய, நரிய, சுத்தி, வா: மறுபடியும் நாலு. ஒரு தட்டுக்குள் எழுத்து இரண்டும் வரும், மூன்றும் வரும். ஆனால் இரண்டு அடியிலும் நாலாவது தட்டில் ஒரே ஒரு நெடில் நிற்கிறது. அந்த நெடிலில்தான் மூச்சு, அங்கேதான் சுற்றிவருகிற பிள்ளையின் கால் வேகம் மாறுகிறது. ருமேனியாவில் பிறந்த இசை ஆய்வாளர் கான்ஸ்டன்டின் பிரெய்லோய், குழந்தைப் பாடல்களின் அடி எட்டுக் குறில் அளவில் அமைவது பல மொழிகளிலும் காணக் கிடைப்பதாக எழுதினார். நாலு தட்டை இரண்டிரண்டாகப் பிரித்தால் எட்டு. நம் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மாத்திரைக் கணக்குத்தான். ஆனால் அவர் சொன்னதற்காக எல்லாப் பாட்டையும் எட்டுக்குள் திணிக்காதீர்கள்.

அஞ்சாங்கல் அந்தக் கணக்குக்கு அடங்காது. அதில் அடியின் நீளத்தை முடிவு செய்வது கல். மேலே எறிந்த கல் திரும்ப உள்ளங்கைக்கு வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ள வேண்டும், சொல்லையும் முடிக்க வேண்டும். கல்லை உயர எறிகிற பிள்ளையின் அடி நீளும். சின்னக் கைக்காரியின் அடி குறுகும். இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாடினாலும் தாளக் குறிப்பு வேறு வேறாக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. அதனால் விளையாட்டுப் பாட்டுக்கு வீடியோ கட்டாயம். முகம் வேண்டாம், கையும் காலும் போதும்.

கைதட்டு ஆட்டத்தில் இன்னொன்று கவனியுங்கள். கை மூன்று தட்டாகச் சுழலும்: கீழே, நேரே, தன் கையில். வாய் நாலாகப் பாடும். பன்னிரண்டாவது தட்டில் இரண்டும் வந்து சேரும். மேடைக் கச்சேரியில் இந்த மூன்றையும் நாலையும் திஸ்ரம், சதுஸ்ரம் என்று பெயர் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். எட்டு வயசுப் பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்; ஒருத்தரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அனுமதி

பள்ளிக்குள் நுழைய தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. வட்டாரக் கல்வி அலுவலகம் வழியாக எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை. படிவத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதி, வாசித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கேளுங்கள். கண்டனூரில் ஒரு பையன் நன்றாகப் பாடிவிட்டு, போகும்போது "அதை அழிச்சிருங்கக்கா" என்றான். அவன் கண் முன்னேயே அழித்தேன். அந்தப் பாட்டு வேறு யாரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் அதுதான் சரி.

ஆச்சிகளும் ஏடுகளும்

பிள்ளைகளின் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தால் பெரியவர்களிடம் போக வேண்டிவரும். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி, இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி ஒரு மத்தியானம் முழுக்கத் தாலாட்டுப் பாடினார். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன அப்பச்சிகளின் (அப்பாக்களின்) ஊர்களெல்லாம் அதில் வந்தன: ரங்கூன், பினாங்கு, கொழும்பு. நம் ஊர்ப் பாட்டு என்று நாம் நினைப்பதற்குள் கடல் தாண்டிய வாழ்க்கை இருக்கிறது. தாலாட்டு பெரியவர் குழந்தைக்குப் பாடுவது, விளையாட்டுப் பாட்டு குழந்தை குழந்தைக்குப் பாடுவது. இரண்டையும் ஆய்வில் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

அச்சில் வந்ததையும் பாருங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அவை சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாயின. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த ராயவரமும் நம் பக்கத்து ஊர்தான். அவர் எழுதிய பாட்டைப் பள்ளியில் கற்ற பிள்ளை, சாயங்காலம் திண்ணையில் அதன் சொல்லை மாற்றி விளையாட்டுக்கு இழுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எழுதியதும் எழுதாததும் இப்படிக் கலப்பதைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வேடு எழுதலாம். இதுவரை என் மாணவர்களில் யாரும் எடுக்கவில்லை, எடுங்கள்.

பட்டமும் வேலையும்

இனி தேர்வு விஷயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் விடாதீர்கள். இசை, கல்வியியல், தமிழ், நாட்டுப்புற இலக்கியம் ஆகிய எந்தப் பாடத்தில் எழுதினாலும் இந்த ஆய்வுக்கு வரலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. யுஜிசியின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், பொதுவாக ஆறு வரை. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷம் நீட்டிப்பு உண்டு, 240 நாள்வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துறையில் சேர்வது? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசையும் நாட்டுப்புறவியலும் இரண்டும் உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை களப்பணிக்குப் பேர்போனது. துறையின் பெயரைவிட வழிகாட்டியின் காது முக்கியம். சந்திக்கப் போகும்போது விண்ணப்பத்தோடு மூன்று நிமிஷப் பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள். அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்கிறவரிடம் சேருங்கள். நான் முதலில் அணுகியவர், "பிள்ளைகள் விளையாட்டுக்கெல்லாமா டாக்டர் பட்டம்? ஒரு வாக்கேயக்காரரை எடும்மா" என்றார், சொல்லும் மெட்டும் தானே இயற்றிய பெரியவர் ஒருவரை. இரண்டாவதாகப் பார்த்தவர் பதிவை மூன்று முறை போடச் சொல்லி, கூடவே தட்டிப் பார்த்தார். அவரிடம்தான் ஆறு வருஷம் ஆய்வு செய்தேன்.

வேலை உடனே கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியில் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் இசைத் துறையில் காலியிடம் அபூர்வம். நான் ஏழு வருஷம் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அந்த வருஷங்களில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பட்டறை நடத்தியது சோறும் போட்டது, ஆய்வையும் வளர்த்தது. பணம் கேட்கும் ஆய்விதழ்கள் மின்னஞ்சலில் வரிசையாக வரும். ஒன்றுக்கும் பணம் கட்டாதீர்கள். 1953இல் தொடங்கிய பன்னாட்டு இசைக் கல்விச் சங்கமான 'இஸ்மே' இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. இளங்குழந்தைகளின் இசைக்கென்று அதில் தனிக் குழு இருக்கிறது. பதிவுகளைப் பத்திரப்படுத்துவது பற்றிக் கேட்க, 1982 முதல் இயங்கும் குருகிராம் இனஇசை ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள்.

வகுப்பறைக்குத் திருப்பிக் கொடுப்பது

இசைக் கல்வி என்ற சொல் உங்கள் தலைப்பில் இருந்தால் இதைச் செய்தே ஆக வேண்டும். திண்ணையில் ஒரு புதுப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்று பாருங்கள். யாரும் ஒரு வரி சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. அது ஓரத்தில் நிற்கும். முதலில் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லும். பிறகு கை வரும். நாலைந்து நாளில் முழுப் பாட்டும் வந்துவிடும். எங்கள் வீணை வகுப்பில் ஒரு சங்கதியை, அதாவது ஒரு வரியின் மெட்டு வேறுபாட்டை, சரியாக வாசித்த பிறகே அடுத்தது. இங்கே முழுசும் முதலிலேயே காதில் விழுகிறது, பிள்ளை தனக்கு முடிந்த துண்டை எடுத்துக்கொள்கிறது.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் 2022இல் வந்தபிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பாட்டும் ஆட்டமுமாகப் பாடம் நடக்கிறது. அந்த ஆசிரியைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு பாட்டைப் பிள்ளைகள் உங்களுக்குக் கற்றுத்தரட்டும். ஒரு பள்ளியில் அப்படிச் செய்த முதல் வாரம், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று எழுந்துவந்து டீச்சரின் கையைப் பிடித்து, "இப்படியில்ல, இப்படி" என்று தட்டிக் காட்டியது. டீச்சர் அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். அவரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே முடியாமல் இருந்தோம்.

பதிவு செய்ததைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். பென் டிரைவில் போட்டுப் பள்ளியில் ஒன்று, பெற்றோர் கேட்டால் அவர்களுக்கு ஒன்று. ஆய்வேட்டில் பாடியவரின் பெயர் வருவது பிள்ளைக்கு ஆபத்தில்லாமல் இருக்க மாற்றுப் பெயர் வையுங்கள். அந்த மாற்றுப் பெயரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். என் ஆய்வேட்டில் மூன்று விஜய்யும் ஒரு மயிலும் இருக்கிறார்கள்.

களப்பணிக்கு மாதம் பார்க்கிறவர்கள் மே மாதத்தை விட்டுவிடாதீர்கள். வெயில் கொளுத்தும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும்தான் குளிர்ச்சி இருக்கும். அப்போதுதான் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஐயா வீட்டுக்கும் ஆயா வீட்டுக்கும் வருவார்கள். முதல் இரண்டு நாள் திண்ணையின் ஒரு முனையில் அவர்கள், மறு முனையில் தெருப் பிள்ளைகள். மூன்றாம் நாள் யாராவது ஒருத்தர் கையை நீட்டுவார். ஜூனில் பள்ளி திறந்ததும் போய்க் கேளுங்கள், வேப்பமரத்தடியில் பழைய பாட்டு புதிய வரியோடு ஓடிக்கொண்டிருக்கும். யார் கொண்டுவந்தது, யார் மாற்றியது என்று எழுத நோட்டில் இருபது பக்கமாவது காலியாக வைத்திருங்கள்.